சார்ஜரைத் தேடுங்கள், தோழர்களே!

பீரோவின் மேல்தட்டில், பத்திரக் கவருக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவே பழைய துண்டில் சுற்றிப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதை இன்று ராத்திரியே கீழே இறக்குங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சமயநல்லூர், பரவை, தேனூர், சோழவந்தான், வாடிப்பட்டி, அந்தப் பக்கம் கூடல் நகர், விளாங்குடி வரைக்கும் சோனியின் பிஎஸ் வீட்டா கேம் மிஷின் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். எத்தனை பேர் தேறுவோம்? இத்தனை வருடத்தில் என் கடைக்கு வீட்டாவோடு வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் இருபதைத் தாண்டவில்லை. அந்த இருபது பேரையும்தான் கூப்பிடுகிறேன்.

நான் சமயநல்லூர் மெயின் ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். உடைந்த டிஸ்பிளே, தண்ணீர் குடித்த போர்டு, ஆட்டம் கண்ட சார்ஜிங் பின், இதுதான் பிழைப்பு. போன புதன்கிழமை தேனூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா மஞ்சப்பையோடு வந்தார்.

“தம்பி, இது என்ன வெலைக்குப் போகும்? மகன் சிங்கப்பூர்ல இருக்கான். சும்மா எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கு.”

பையைத் திறந்தால் வீட்டா. முதல் மாடல், ஓஎல்இடி திரை வைத்தது. பின்பக்க டச்சில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டனை அழுத்தினேன், மூச்சில்லை. சார்ஜர் கொண்டுவரவில்லை. இந்த முதல் மாடலுக்கு என்று சோனி தனியாக ஒரு பட்டை வாய் வயர் கொடுத்திருந்தது, வேறெதுவும் பொருந்தாது. நல்லவேளை, என்னுடையதும் அதே மாடல் என்பதால் டிராயரில் ஒரு வயர் கிடந்தது. சொருகினேன். விளக்கு வரவில்லை.

“செத்துப்போச்சா தம்பி?”

“மயக்கத்துல இருக்குக்கா. ஒரு டீ குடிங்க.”

நாற்பது நிமிடம் கழித்து ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு பட்டனை அழுத்த, திரை வந்தது. வீட்டாவின் முதல் திரையைத் திறக்கிற விதம் உங்களுக்கு நினைவிருக்கும்: மேல் மூலையில் விரலை வைத்து, தபால்தலையை உரிப்பதுபோல் இழுத்து உரிக்க வேண்டும். உரித்தேன். உள்ளே வட்ட வட்டமாகக் குமிழிகள் மிதந்தன. அந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, இந்த முட்டை முட்டையாத்தான் இருக்கும். ராத்திரி பூரா இதத்தான் நோண்டுவான்” என்றார். கார்டில் மூன்று விளையாட்டுகள் இருந்தன. மூன்றும் ஓடின. அவன் விட்ட இடம் அப்படியே இருந்தது.

மிஷினில் இருக்கிற சோனியின் ஆன்லைன் கடைக்குள் போனால்தான் சிக்கல் தெரிந்தது. மகனை வாட்ஸ்அப் வீடியோவில் பிடித்தோம். அவன் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் பதினைந்துக்கு மேல். மெமரி கார்டில் இடமில்லாமல் அவ்வப்போது அழித்து அழித்து விளையாடியிருக்கிறான். வேண்டுமென்றால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்ற தைரியம்தான். இப்போது உள்ளே நுழைய பாஸ்வேர்டு கேட்கிறது. அது மறந்துவிட்டது. புதிதாக மாற்றலாம் என்றால் ஓடிபி போகிறது, அதுவும் அவன் எப்போதோ தூக்கிப்போட்ட சிங்கப்பூர் சிம்முக்கு.

“அண்ணே, அந்த நம்பர் போயி அஞ்சு வருசமாச்சுண்ணே” என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மாகிட்ட விக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே” என்றான்.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, என் வீட்டாவைத் தேடினேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக வந்த தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. 2011 டிசம்பர் 17 அன்று ஜப்பானில் வீட்டா இறங்கியது. 2012 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது, 19,990 ரூபாய்க்கு. நான் சீட்டு எடுத்து வாங்கினேன். வீட்டில் ஒரு மாதம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று நினைத்துப் பாருங்கள். சென்னையைத் தவிர்த்த தமிழ்நாடு முழுக்கப் பகலும் இரவும் கரண்ட் இல்லை. பன்னிரண்டு மணிநேரம், சில நாள் அதற்கும் மேலே. 2001-இல் ஓட ஆரம்பித்த 106 மெகாவாட் டீசல் மின் நிலையத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாம் மொட்டைமாடியில் விசிறியோடு படுத்துக் கிடந்தோம். டிவியில் இணைக்கும் கேம் எதுவும் அப்போது உதவவில்லை. சார்ஜ் போட்டு வைத்தால் மூன்றிலிருந்து ஐந்து மணிநேரம் ஓடும் என்று சொல்லப்பட்ட வீட்டாதான் ஓடியது. இருட்டில் அந்த ஓஎல்இடி திரையின் கறுப்பு, நிஜமான கறுப்பாக இருக்கும். சுற்றியிருந்த ராத்திரியும் திரையும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். பக்கத்து மாடிப் பையன்கள் சுவர் ஏறிக் குதித்து வந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை போட்டு விளையாடினார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்த இருபதில் இருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல சாமான் ஏன் தோற்றது என்றால், முதல் குற்றவாளி அந்த மெமரி கார்டு. பெட்டிக்கடையில்கூட கிடைக்கிற சாதாரண எஸ்டி கார்டைப் போட முடியாதபடி தனக்கென்று ஒரு கார்டைச் செய்து, அமெரிக்காவில் 32 ஜிபிக்கு 100 டாலர் கேட்டார்கள். மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றுக்குத் தனிவிலை சொல்வதுபோல. எதிரே நிண்டெண்டோ தன் 3டிஎஸ் விலையை 2011 ஆகஸ்டிலேயே 250 டாலரிலிருந்து 170க்கு வெட்டிவிட்டது. அது கடைசியில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. கீழேயிருந்து செல்போன் ஏறி வந்தது. ஓசியில் டெம்பிள் ரன் ஓடும்போது விளையாட்டுக்கென்று தனி மிஷின் எதற்கு என்று மதுரையில் கேட்காத ஆளில்லை. சோனியே சீக்கிரம் கையைக் கழுவியது. தன் பெரிய விளையாட்டுகளை வீட்டாவுக்குச் செய்வதை நிறுத்தியது. எத்தனை விற்றது என்று தனியாகச் சொல்வதையும் நிறுத்தியது. நல்ல மார்க் வாங்கினால் ஊரெல்லாம் சொல்லுவோம், ஃபெயிலானால் மார்க் ஷீட்டை மறைப்போம் இல்லையா? அதே கதை. 2019 மார்ச்சில் ஜப்பானில் உற்பத்தி நின்றது. மிஷினின் பெயருக்கு லத்தீனில் உயிர் என்று அர்த்தமாம்.

தோற்றது தோற்றதுதான், அதை நான் மறுக்கவில்லை. தோற்ற மிஷினை வாங்கியவனும் முழுக்காசு கொடுத்துத்தானே வாங்கினான் என்பதுதான் என் கேள்வி.

2021 மார்ச் கடைசியில் சோனி ஒரு அறிவிப்பு விட்டது. தன் மற்ற மிஷின்களான பிஎஸ்பி, பிஎஸ்3 ஆகியவற்றின் ஆன்லைன் கடைகள் ஜூலை 2-ஆம் தேதியும், வீட்டா கடை ஆகஸ்ட் 27-ஆம் தேதியும் மூடப்படும். இங்கே சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரம் உச்சத்தில் இருந்த வாரம் அது. ஆட்டோவில் மைக் கட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், நான் கடையில் உட்கார்ந்து இந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். உலகம் முழுக்க வீட்டாக்காரர்கள் கொதித்தார்கள். நம்மைப் போலத்தான், ஊருக்கு இருபது பேர், தெருவுக்கு ஒருவர். ஆனால் அத்தனை பேரும் எழுதினார்கள், திட்டினார்கள், கெஞ்சினார்கள். ஏப்ரல் 19-ஆம் தேதி அப்போதைய பிளேஸ்டேஷன் தலைவர் ஜிம் ரயன், தவறான முடிவு எடுத்துவிட்டோம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பிஎஸ்3 கடையும் வீட்டா கடையும் பிழைத்தன. மூன்றே வாரம். அவ்வளவு பெரிய கம்பெனி, காசு வராத கடையை, கத்தலுக்குப் பயந்து திறந்து வைத்தது. இதை மறக்காதீர்கள். நாலு பேர் கத்தி என்ன ஆகப்போகிறது என்று இனி எவனாவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று நாம் தூங்கிப்போனோம், அவர்கள் தூங்கவில்லை. 2020 அக்டோபரிலேயே கம்ப்யூட்டரிலும் போனிலும் வீட்டா விளையாட்டுகளை வாங்கும் வசதியை எடுத்திருந்தார்கள். மிஷினுக்குள்ளிருந்து மட்டும்தான் வாங்கலாம். 2021 அக்டோபர் 27 முதல் அந்த மிஷினுக்குள்ளும் கார்டு போட்டு வாங்க முடியாது. வேறு வழியாக வாலட்டில் பணம் ஏற்றிவிட்டு வர வேண்டும். வீட்டாவில் மட்டுமே வந்த ‘கில்ஸோன் மெர்செனரி’யின் ஆன்லைன் சர்வரை 2022 ஆகஸ்ட் 12 அன்று அணைத்தார்கள். கடை திறந்திருக்கிறது, ஆனால் வாசல்படியை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுக்கிறார்கள்.

மற்ற கம்பெனிகளும் பந்தியில் இலை எடுத்துக்கொண்டே வருகிறார்கள். நிண்டெண்டோவின் வீ யூ, வீட்டாவுக்குச் சற்றும் குறையாத தோல்வி. மொத்தம் ஒரு கோடியே 35 லட்சம் சொச்சம்தான் விற்றது. அதன் கடையும் 3டிஎஸ் கடையும் 2023 மார்ச் 27-இல் மூடின. 2024 ஏப்ரல் 8-இல் ஆன்லைனும் போனது. எக்ஸ்பாக்ஸ் 360, யுவராஜ் சிங்கையும் அக்‌ஷய் குமாரையும் விளம்பரத்தில் நிறுத்தி 2006-இல் நம் நாட்டுக்குள் வந்ததே, அது நன்றாக விற்ற மிஷின்தான். அதன் கடைக்கும் 2024 ஜூலை 29 அன்று பூட்டு விழுந்தது. விற்றதையே மூடுகிறவர்கள் விற்காததை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இலையில் இன்னும் சோறு இருக்கிறது, பாயசம் வரவில்லை என்று நாம் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து இலைகளை மடித்தாகிவிட்டது, தோழர்களே.

இந்த இடத்தில் என் மீதே ஒரு புகார். இரண்டு வருடம் முன்பு ஒரு காலேஜ் பையன் அவசரத்துக்குத் தன் வீட்டாவை என்னிடம் விற்றான். வேறு ஒருவருக்கு விற்க வேண்டுமென்றால் வீட்டாவில் கணக்கை மாற்ற வேண்டும். ஒரு மிஷினுக்கு ஒரு கணக்குத்தான். அதை மாற்ற மிஷினைத் துடைத்து, கார்டையும் ஃபார்மட் போட வேண்டும். எங்கள் தொழிலில் ஃபார்மட் என்பது கை கழுவுவதுபோல, யோசிக்கவே மாட்டோம். போட்டுவிட்டேன். மறுநாள் அவன் ஓடி வந்து, “அண்ணே, அதுல இருந்த சேவ் மட்டும் எடுத்துக் குடுக்க முடியுமா? எங்க அண்ணன் வெளையாண்டது” என்று கேட்டான். அந்த அண்ணன் ஏன் வந்து கேட்கவில்லை என்று நான் கேட்டிருக்கக் கூடாது. விபத்தில் போய்விட்டாராம். அந்தப் பையன் முகத்தை இன்னும் எதிரே பார்க்க முடியவில்லை. நீங்கள் விற்பதாக இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் கஷ்டம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் என்னைப் போன்றவன் கையில் கொடுக்காதீர்கள்.

செல்போனில் மட்டும் விளையாடும் தம்பிகள், இது ஏதோ பெருசுகளின் ஒப்பாரி என்று நகர்ந்து போகாதீர்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜிக்குத் தடை வந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியாவுக்கான சர்வரை அணைத்தார்கள். அன்றைக்கு என் கடைக்கு எத்தனை பேர் வந்தீர்கள், “அண்ணே, எப்படியாச்சும் ஓட வைங்கண்ணே” என்று? யூசி என்ற விளையாட்டுக் காசு வாங்கிச் சட்டையும் துப்பாக்கி ஸ்கின்னும் எடுத்திருந்தீர்களே, அந்தக் காசுக்கு ரசீது இருந்ததா? தடை சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. பொருள் நம் போனில் இருந்தாலும் சாவி வேறொருவன் இடுப்பில் தொங்குகிறது. அன்று உங்களுக்கு நடந்ததுதான் இன்று எங்களுக்கு மெதுவாக நடக்கிறது.

இதைக் கேட்க ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். 2024 மார்ச் கடைசியில் யுபிசாஃப்ட் கம்பெனி ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை அணைத்தபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது ஓடாமல் போனது. ராஸ் ஸ்காட் என்பவர் ‘விளையாட்டுகளைக் கொல்லாதே’ என்று இயக்கம் ஆரம்பித்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டலில் விற்கும்போது நீ வாங்குவது உரிமம்தான், பொருள் இல்லை என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1915 என்ற உதவி எண் இருக்கிறது. காசு கொடுத்த விளையாட்டு கைக்கு வரவில்லை என்றால் அந்த எண்ணை அழுத்துங்கள். மிக்ஸி ரிப்பேர் என்றால் தயங்காமல் அழுத்துகிறோம் இல்லையா.

இன்னொரு கதை சொல்லியாக வேண்டும். முதல் எக்ஸ்பாக்ஸின் ஆன்லைன் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15-இல் நிறுத்தியது. ஆனால் அந்த நேரத்தில் ‘ஹேலோ 2’ விளையாட்டில் உள்ளே இருந்தவர்களை வெளியே தள்ள முடியவில்லை. மிஷினை அணைக்காதவரை அவர்கள் உள்ளேயே இருக்கலாம். ஒரு டஜன் பேருக்கு மேல் அணைக்க மறுத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசி ஆள் மே 11 வரை தாக்குப்பிடித்தார். கிட்டத்தட்ட நான்கு வாரம்! அதனால் சர்வர் திரும்பி வந்ததா என்றால் வரவில்லை. ஆனாலும் அந்த ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நமக்கு அவ்வளவு பாடு இல்லை. மிஷினை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். விளக்கு உடனே வரவில்லை என்று குப்பையில் போடாதீர்கள், ஒரு மணிநேரம் விடுங்கள். முதுகு உப்பியிருந்தால் மட்டும் சொருகவே வேண்டாம், பேட்டரி வீங்கியிருக்கிறது, அப்படியே என்னிடம் கொண்டுவாருங்கள். வீட்டில் புது ஃபைபர் ரவுட்டர் போட்டவர்கள் வைஃபை தெரியவில்லை என்று திட்டாதீர்கள், வீட்டாவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், 5 தெரியாது. ரவுட்டரில் இரண்டையும் தனித்தனிப் பெயரில் பிரித்து வையுங்கள். கணக்கில் இருப்பது எந்த ஈமெயில், எந்த நம்பர் என்று இன்றே பாருங்கள். செத்த நம்பராக இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். கணக்குக்கு இரட்டைப் பூட்டு, அதாவது டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், போட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: வீட்டா அந்த ஓடிபியைக் கேட்காது, உங்கள் பாஸ்வேர்டையும் ஏற்காது. இணையத்தில் கணக்குக்குள் போய் ‘டிவைஸ் செட்டப் பாஸ்வேர்டு’ ஒன்றை வாங்கி அதைத்தான் போட வேண்டும். பாதிப்பேர் இங்கேதான் மிஷின் ரிப்பேர் என்று நினைத்து மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள்.

உள்ளே போனதும் டவுன்லோடு லிஸ்ட்டைத் திறந்து, வாங்கியது எல்லாவற்றையும் இறக்குங்கள். பெட்டியில் வந்த கேம் கார்டு வைத்திருப்பவர்கள் சும்மா இருக்க முடியாது; பிழை திருத்தும் அப்டேட்கள் கார்டில் இல்லை, சோனியின் சர்வரில்தான் இருக்கின்றன. இடம் போதாவிட்டால் கேபிளில் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிட்டு அடுத்ததை இறக்குங்கள். ஒரு ராத்திரியில் முடியாது. முன்னெல்லாம் ஒரு விளையாட்டு இறங்க இரண்டு நாள் ஆகும், நடுவில் கரண்ட் போகும். இப்போது அந்தச் சாக்கும் கிடையாது.

இதெல்லாம் எதற்கு, மிஷினின் பூட்டை உடைத்து விளையாட்டுகளைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வீர்கள். 2016-லேயே வீட்டாவின் பூட்டைத் திறந்துவிட்டார்கள், எனக்கும் தெரியும். அழிந்துபோகவிருந்த பலதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நான் சீட்டுப் பணம் போட்டு வாங்கியதை எடுக்க நான் ஏன் பின்பக்கச் சுவர் ஏற வேண்டும்? முன்வாசல் வழியாக, வாங்கியவன் என்ற முறையில் எடுப்போம். மூடிய பிறகு சுவரைப் பற்றிப் பேசலாம்.

மூடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு நம் ஊரையே பாருங்கள். சமயநல்லூர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. 2006-இல் அந்தப் பெயரில் ஓட்டுப் போட்டோம். தொகுதி மறுசீரமைப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 2011-இல் வாக்குச்சாவடிக்குப் போனால் அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. ஊர் இங்கேயேதான் இருக்கிறது, ரயில் நிற்கிறது, பஸ் நிற்கிறது. பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது எவ்வளவு சுலபம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி திறந்து வைத்திருப்பேன். வைஃபை இருக்கிறது, இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஹார்டு டிஸ்க் காலியாக இருக்கிறது. தேனூர் அக்காவும் வருகிறார். அவர் மகன் வேலை முடிந்து பதினோரு மணிக்கு வீடியோவில் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் கணக்கை மீட்க என்ன வழி என்று எல்லோரும் சேர்ந்து மண்டையை உடைப்போம். பிஎஸ்3, வீ யூ, எக்ஸ்பாக்ஸ் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். வீட்டா முதல் மாடல் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டை வாய் வயரை மறக்காமல் எடுத்து வாருங்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.